புனிறு

1

தொல்காப்பியத்தின் உரியியலில் புனிறு என்ற சொல்லுக்கு ஈன்றணிமை என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. ஈன்றதற்கு அண்மையில் இருப்பது. பெற்ற நேரத்தை விட்டு இன்னும் விலகிப் போகாத நிலை. கன்று ஈன்ற பசுவைப் புனிற்றா என்றார்கள். இந்த நிலைக்கென்று தனியாக ஒரு சொல் நம் மொழிக்கு வேண்டியிருந்திருக்கிறது என்பது கவனத்துக்குரியது. இன்று அந்தச் சொல் வழக்கில் இல்லை. அதன் இடத்தில் 'பச்சை உடம்பு' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். 'பச்சை உடம்புக்காரி, காத்துல நிக்காதே' என்ற வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்க முடியாது. பச்சைப் புண் என்பதில் இருக்கும் பச்சையும், பச்சைப் பிள்ளை என்பதில் இருக்கும் பச்சையும் அந்த வழக்கில் சேர்ந்தே இருக்கின்றன.

சொல் இருந்தும் இலக்கியம் இந்த நிலையைப் பெரும்பாலும் தாண்டியே சென்றிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கற்பியலில் புனிறு தீர்ந்த பொழுதுதான் பேசப்படுகிறது. தலைவன் சிறப்போடு வந்து சேர்வது அப்போதுதான். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் செவிலி கூற்றுப் பத்து இருக்கிறது. மகள் குடும்பம் நடத்தும் வீட்டைக் கண்டு வந்த செவிலி, அங்கே புதல்வனோடு கூடிய இருவரின் நிறைவை நற்றாய்க்குச் சொல்கிறாள். அவள் கண்டது ஏற்கெனவே அமைந்துவிட்ட நிறைவு. அது அமைவதற்கு முன்னால் யார் எத்தனை இரவு விழித்தார்கள் என்பது அந்தக் காட்சிக்குள் வரவில்லை. புறநானூற்றில் பொன்முடியாரின் பாட்டு ஒன்று கடன்களைப் பங்கிடுகிறது. பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நல்வழிப்படுத்துவது வேந்தனுக்கு, போரில் களிறு எறிந்து மீள்வது மகனுக்கு. ஐந்து பேருக்கும் கடன் இருக்கிறது. பெற்றவளைத் தாங்குவது யாருடைய கடன் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. பாடியவரும் ஒரு பெண்தான். இதை நான் அந்தக் கவிதையின் குறையாகச் சொல்லவில்லை. அது வேறு ஒன்றைச் சொல்ல வந்த கவிதை. ஆனால் விடுபட்ட அந்த ஆறாவது கடன் என்னைச் சில காலமாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

கேள்வியை இப்படி வைத்துக்கொள்கிறேன். பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத ஒரு பெண்ணுக்கும், அவளோடு சேர்ந்து அந்தக் குழந்தைக்குப் பொறுப்பாகிவிட்ட ஆணுக்கும் மற்றவர்கள் ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறார்களா? பட்டிருந்தால் எந்த அடிப்படையில்? உதவுவது நல்லது என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இராது. ஆனால் நல்லது வேறு, கடமை வேறு. நல்லதைச் செய்யாமல் விட்டவனிடம் நாம் விளக்கம் கேட்பதில்லை. கடமையைச் செய்யாதவன் பதில் சொல்லியாக வேண்டும்.

ஸ்தூலமான விஷயங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். தார்மீகம் பேசுகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரசவித்தவளின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது. கர்ப்ப காலத்தில் உயர்ந்திருந்த ஹார்மோன்கள் பிரசவமான ஓரிரு நாட்களில் சரிந்து விழுகின்றன. மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணம் சொல்லத் தெரியாமல் அழும் பெண்கள் மிகப் பலர். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அரைமணி என்றாலும், ஏப்பம் வாங்கி, துணி மாற்றி, தூங்க வைப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். இரவு பகல் பேதம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரை, முதல் ஆறு வாரத்துக்குள் குறைந்தது நான்கு முறை தாயையும் சேயையும் ஆரோக்கியப் பணியாளர்கள் பார்க்க வேண்டும் என்கிறது. அந்த நான்கு சந்திப்புகளுக்கு வெளியே இருக்கும் மணிநேரங்களைப் பற்றித்தான் நம் கேள்வி.

இதற்கு உடனே எழும் ஆட்சேபம்: பிள்ளை வேண்டுமென்று விரும்பிப் பெற்றவர்கள் அவர்கள். தானே ஏற்றுக்கொண்ட சுமையை அடுத்தவன் ஏன் தூக்க வேண்டும்? நம் சமூகத்தில் ஒரு பெண்ணின் 'விருப்பம்' என்பது எத்தனை பேருடைய விருப்பம் என்று கேட்டு இதைத் தட்டிவிடலாம். அது நியாயமான பதில்தான், ஆனால் போதுமானதல்ல. முழு மனச்சுதந்திரத்தோடு பிள்ளை பெற்றுக்கொண்ட இருவரை எடுத்துக்கொண்டாலும் கடமை மிச்சமிருக்கிறது என்றே நினைக்கிறேன். காரணம், ஆட்சேபிக்கிறவரும் ஒரு காலத்தில் அந்த ஆறு வாரத்தைக் கடந்து வந்தவர். அவரைத் தூக்கிக்கொண்டிருந்தவளை யாரோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர் சம்மதம் கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. ஒப்பந்தம் இல்லாமல் ஏற்பட்ட கடன் இது. கொடுத்தவரிடமே திருப்பித் தருவதும் சாத்தியமில்லை. வயதான தாயை நான் பராமரிக்கலாம். ஆனால் என்னைப் பெற்று பத்து நாள் ஆன அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு நான் ஒரு வாய் வெந்நீர் கூடக் கொடுக்க முடியாது. அவள் இப்போது எங்கும் இல்லை. அந்த இடத்தில் இன்று வேறொருத்தி இருக்கிறாள். கடனைக் கட்ட வேண்டிய விலாசம் மாறிவிடுகிறது.

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலையும் ஒப்புரவறிதலையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்திருப்பதில் ஒரு தெளிவு இருக்கிறது. நன்றி என்பது கொடுத்தவனைத் தேடிப் போகிறது. ஒப்புரவு கைம்மாறு எதிர்பாராதது. அதற்கு விலாசம் தேவையில்லை. நான் பேசும் கடமை நன்றியின் பக்கத்தில் தொடங்கி ஒப்புரவின் பக்கம் போய்ச் சேருகிறது.

3

கடமை யாருடையது என்பதற்கு நம்மிடம் மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அன்பு என்பது ஒன்று, வழக்கம் என்பது ஒன்று, உரிமை என்பது மூன்றாவது.

அன்பு என்ற பதில் மேன்மையானதாகத் தோன்றுகிறது. ஆனால் நடைமுறையில் அன்பு பெரும்பாலும் குழந்தையைப் பார்க்கத்தான் வருகிறது. சோப்பும் பவுடரும் வெள்ளி அரைஞாணும் கொண்டு வருகிறவர்கள் குழந்தையின் மூக்கு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். காபி போட்டது யார் என்பது அன்புக்குத் தெரியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. அன்பினால் செய்வது என்று ஆகிவிட்டால் கேட்க முடியாது. கேட்டுப் பெற்றது அன்பாக இருக்காது என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருப்பதால், தேவைப்படுகிறவள் வாய் திறக்காமல் காத்திருக்கிறாள். கொடுக்கக்கூடியவர்கள் அவள் கேட்கவில்லையே என்று இருந்துவிடுகிறார்கள்.

வழக்கம் இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது யாரும் கேட்டுப் பெற வேண்டிய சலுகை அல்ல. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடித்துப் போட்ட மருந்து, பூண்டுக் குழம்பு, பால் ஊற என்று சுறாப்புட்டு, வயிற்றைச் சுற்றித் துணிக்கட்டு, வேப்பிலை நொச்சி போட்ட வெந்நீர், காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டத் தெரிந்த ஒரு கிழவி. இவற்றில் மருத்துவ ரீதியில் எது சரி எது தவறு என்பது வேறு விஷயம். தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தது போன்ற தவறுகள் நிறைய இருந்தன. நான் சொல்ல வருவது இதன் தார்மீக அமைப்பைப் பற்றி. பெற்றவள் யாரிடமும் இரக்க வேண்டியிருக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. படுத்துக் கிடப்பது அப்போது அவள் வேலையாகவே கருதப்பட்டது. இதைவிடக் கௌரவமான ஏற்பாட்டை நான் கற்பனை செய்ய முடியவில்லை.

ஆனால் அதன் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். படுத்துக் கிடக்க அனுமதித்த அதே வழக்கம் அவளைத் தீட்டு என்று தனியறையில் ஒதுக்கியது. பல ஊர்களில் தொப்புள்கொடி அறுத்து, அழுக்குத் துணி அலசியவள் நாவிதர் குலத்து மருத்துவச்சி. தீட்டுக் கழிந்ததும் அவள் மறுபடியும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவள். செலவு முழுவதும் பெண்ணைப் பெற்றவர்கள் தலையில். பிறந்தது பெண் என்றால் வீட்டின் குரலே இறங்கிவிடும். தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மனநல இதழ் ஒன்றில் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு உள்ளானவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். அதோடு சேர்ந்து காணப்பட்டவை என்று அது பட்டியலிட்டவை: வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கை உதவிக்கு ஆள் இல்லாதது. இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தாங்க வேண்டிய வீடும் நோயைத் தந்த வீடும் பல சமயம் ஒரே வீடு. கூட்டுக் குடும்பத்தை இழந்ததால்தான் நம் பெண்கள் சோர்ந்து போகிறார்கள் என்று பழமைக்காக உருகுகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் இடம் தராது. கை உதவி இல்லாமை மனத்தின் நோய்க்குக் காரணங்களில் ஒன்றாக அதில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். மனத்துக்கான ஆதரவு, உடலுக்கான ஒத்தாசை என்று நாம் போடும் கோடு அங்கே அழிந்துவிடுகிறது. துணி துவைப்பதும் ஒரு வகையில் ஆறுதல் சொல்வதுதான்.

மூன்றாவது பதில் உரிமை. 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 12 வாரச் சம்பளத்தோடு விடுப்புத் தந்தது. 2017 திருத்தம் அதை 26 வாரமாக்கியது. முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாடு அரசு நடத்தும் திட்டத்தில் 2018-இல் உதவித்தொகை ரூ 18,000 ஆனது. அதில் ரூ 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 1997-இல் 15 நாள் விடுப்பு வந்தது. இவற்றை அலட்சியமாகப் பேசுவது, பசித்தறியாதவன் சோற்றை அலட்சியமாகப் பேசுவது போன்றது. ஆனால் சட்டம் வாரங்களை எண்ணித் தருகிறது. அந்த வாரங்களில் வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்று அதற்குத் தெரியாது. மேலும், விடுப்பு என்பது முதலாளி என்று ஒருவன் இருக்கிறவர்களுக்கு. களை பறிக்கிறவளுக்கும் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கும் எந்தப் பதிவேட்டிலிருந்து விடுப்பு?

ஆள் அனுப்பும் உரிமை சாத்தியம்தான். ஹாலந்தில் பிரசவமான வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பணிப்பெண் ஒருவர் முதல் எட்டுப் பத்து நாட்கள் தினமும் சில மணி நேரம் வருகிறார். தாயின் உடல்நிலையைக் கவனிக்கிறார், பால் கொடுக்கச் சொல்லித் தருகிறார், தகப்பனுக்குக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுக்கிறார், வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்துகிறார். எல்லாருக்கும் கட்டாயமான அடிப்படைக் காப்பீட்டில் இது அடக்கம்; குடும்பம் மணிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கு செலுத்துகிறது. கூலிக்கு வருகிற கையில் பாசம் இருக்குமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். துணி அலசும் கைக்குப் பாசம் இருந்தாக வேண்டிய அவசியமில்லை என்பது என் பதில். பாசம் இல்லாததால் அந்தக் கை கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பத்து வருஷம் கழித்து, 'உனக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவள் நான்' என்று சொல்லிக் காட்டுவதில்லை.

4

மனத்துக்கான ஆதரவு என்பதைப் பற்றித் தனியாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் 1949-இல் எழுதிய கட்டுரையில், ஒரு தாய் தன் குழந்தையைத் தொடக்கத்திலிருந்தே வெறுப்பதற்கான காரணங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போகிறார். அவருக்கு இது அதிர்ச்சியூட்டும் உத்தி அல்ல. சாதாரணமான, நல்ல தாயைப் பற்றித்தான் பேசுகிறார். வெறுப்பு இருக்கும், அதை அவள் குழந்தையின் மேல் காட்டாமல் தாங்கிக்கொள்கிறாள், அந்தத் தாங்குதல்தான் அவளுடைய சாதனை. 1956-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் தாய் அடையும் தீவிர ஈடுபாட்டு நிலை, கர்ப்பம் என்ற காரணம் இல்லாதிருந்தால் ஒரு நோயென்றே கருதப்படும் என்றார். அந்த நிலைக்குள் அவள் பயமின்றிப் போய்த் திரும்பி வர, சுற்றிலும் ஒரு பாதுகாப்பு வேண்டியிருக்கிறது.

நம் தாய்மைப் புகழ்ச்சி இதற்கு இடம் வைக்கவில்லை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில், மகனைச் சான்றோன் என்று கேட்கும் தாயின் மகிழ்ச்சியை அளக்க ஈன்ற பொழுதின் மகிழ்ச்சிதான் அளவுகோல். ஈன்ற பொழுதில் மகிழாத தாய் என்ன செய்வாள்? 'எனக்கு இதைப் பார்த்தால் எதுவுமே தோன்றவில்லை' என்று ஒருத்தி சொன்னால் சுற்றியிருப்பவர்கள் சொல்வது என்ன? 'அப்படியெல்லாம் சொல்லாதே. பிள்ளை தங்கம் மாதிரி இருக்கு. இல்லாதவங்க எத்தனை பேர் தவம் கிடக்காங்க தெரியுமா?' இதில் பொய் எதுவும் இல்லை. அவள் சொன்னதுதான் காணாமல் போய்விட்டது. எடின்பரோவைச் சேர்ந்தவர்கள் 1987-இல் கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்கும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும், தமிழிலும்கூட, அது பயன்படுகிறது. நல்ல கருவி. ஆனால் பத்துக் கேள்விகளையும் வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பதால் ஒரு படிவம் வந்து கேட்க வேண்டியிருக்கிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

ஒருவர் சொல்வதைத் திருத்தாமல், புத்தி சொல்லாமல், பதற்றப்பட்டு டாக்டரிடம் ஓடாமல் (ஓட வேண்டிய நேரமும் உண்டு) கேட்டுக்கொண்டு அருகில் இருப்பதை நான் தார்மீகச் செயல் என்றே கருதுகிறேன். அது ஒன்றும் செய்யாமல் இருப்பது போலத் தோற்றமளிப்பதால் நமக்கு அதன் மேல் மதிப்பில்லை.

5

அமெரிக்க மானுடவியலாளர் டானா ராஃபேல் 1973-இல், புதிதாகத் தாயானவளுக்குத் துணை நிற்கும் பெண்ணைக் குறிக்க 'தூலா' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்தாண்டார். அந்தச் சொல்லின் பழைய பொருள் அடிமைப்பெண். தத்துவவாதி ஈவா கிட்டே 1999-இல் எழுதிய நூலில் இந்தச் சொல்லிலிருந்தே ஒரு நீதிக் கோட்பாட்டை உருவாக்கினார். குழந்தையைத் தாய் கவனிக்கிறாள். தாயை தூலா கவனிக்கிறாள். கவனிப்பவரைக் கவனிப்பது சமூகத்தின் கடமை. சமமான இருவருக்கிடையே கொடுக்கல் வாங்கல் என்று நீதியைப் பற்றி யோசித்து வந்த மரபு, யாருமே சமமாகப் பிறப்பதில்லை என்பதை மறந்துவிட்டது என்பது அவர் வாதம். ஹன்னா ஆரெண்ட் 1958-இல் பிறப்பு என்பதையே அரசியலின் மூலமாக, ஒவ்வொரு பிறப்பும் உலகில் ஒரு புதிய தொடக்கம் என்று, எழுதினார். ஆனால் அந்தத் தொடக்கத்துக்கு முதல் நாற்பது நாள் யார் துணி மாற்றினார்கள் என்பது அவர் சிந்தனையில் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கிட்டே அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்.

அவர் வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அது எங்கே இடறுகிறது என்பதை நான் புத்தகத்தில் தெரிந்துகொள்ளவில்லை.

2023-இல் என் மகள் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். அவள் தாய் அதற்கு நான்கு வருஷம் முன்பே காலமாகிவிட்டாள். தாய் இல்லாத தாய்வீடு. மருமகனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் விடுப்புக் கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தேன். காலை ஆறரைக்கு வந்து குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, மகளுக்கு வெந்நீர் ஊற்றி, பத்தியக் குழம்பு வைத்து, துணி அலசிப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் போவார். என் மகள் அவரை அத்தை என்று கூப்பிட்டாள். ஒன்பதாம் நாள் அந்த அம்மாள் அரைமணி தாமதமாக வந்தார். நான் சற்று முகம் சுளித்திருப்பேன் போலிருக்கிறது. 'எம் மவளும் பெத்துக் கெடக்கா ஐயா. இருவது நாளாச்சி. ராவெல்லாம் பிள்ளை ஒறங்கல' என்றார். அவர் மகளை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். 'பார்க்க என்ன இருக்கு, அவளே எந்திரிச்சிப் பொங்கிக்கிடுவா' என்றார்.

என் வீட்டுப் பச்சை உடம்பைத் தாங்கிய கை, அவர் வீட்டுப் பச்சை உடம்பிலிருந்து எடுத்து வந்த கை. சங்கிலியின் ஒரு கண்ணி என் வீட்டில் கெட்டிப்பட்டதற்காக இன்னொரு வீட்டில் ஒரு கண்ணி கழன்றிருந்தது. கவனிப்பவரைக் கவனிக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி நான் என்ன செய்திருக்க வேண்டும்? சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என் மகளுக்கு யார்? இன்னொருவரை வைத்தால் அவர் வீட்டில் என்ன நிலையோ. கேட்காமல் இருந்தால் தெரியாது. அவ்வளவுதான்.

மேலே மேலே போகும் சங்கிலியாக நினைத்தால் அது எங்கோ ஓரிடத்தில், கணக்கில் வராத ஒருத்தியின் தோளில் போய் முடிகிறது. அடிமை என்ற பொருளுள்ள சொல்லை நீதிக்குப் பெயராக வைத்தாலும் அந்தப் பொருள் அதிலிருந்து முழுவதும் போய்விடுவதில்லை. ஆகவே புனிற்றுக் காலத்தில் ஒரு சமூகம் தன் தாய்மார்களை எப்படி நடத்துகிறது என்பதற்கு, தாங்கப்படுகிறவளைப் பார்த்து மதிப்பிட்டால் போதாது. தாங்குகிறவர்களில் கடைசியாக இருப்பவரின் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தனி மனிதர்களின் நல்லெண்ணத்தால் அது சரியாகாது. ஹாலந்துப் பணிப்பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் அவர் வீட்டுக்கும் ஒருவர் போகிறார் என்பதால்தான் அந்த ஏற்பாடு சுரண்டலாக இல்லாமல் இருக்க முடிகிறது. நம்மிடம் அது இல்லை. இல்லாத வரை என்னைப் போன்றவர்கள் பெறும் உதவி முழுவதிலும் ஒரு கறை இருந்துகொண்டிருக்கும்.

6

அப்படியானால் ஆட்கள் இல்லாமலில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் சும்மா இருந்த ஒரு ஜோடிக் கை உண்டு. என்னுடையது.

1991-இல் இந்த மகள் பிறந்தபோது மனைவி ஏழாம் மாதமே ஊருக்குப் போய்விட்டாள். நான் அறையில் தனியாக இருந்தேன். நிறையப் படித்த காலம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டதுண்டு. காம்யுவின் சிஸிபஸ் கட்டுரையை அப்போதுதான் மூன்று முறை படித்தேன். கல் திரும்பத் திரும்ப உருண்டு வருவதைப் பற்றி ஒரு நீண்ட கடிதம்கூட ஒரு நண்பருக்கு எழுதினேன். அதே மாதங்களில் இருநூறு மைலுக்கு அப்பால் ஒருத்தி துவைத்த துணி நனைய, நனைந்ததைத் துவைத்து, ஊட்டிய பால் வெளியே வர, மறுபடி ஊட்டிக்கொண்டிருந்தாள் என்பது என் கடிதத்தில் இல்லை. பிறந்த மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். ஆண்கள் உட்காரும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு அன்று மாலையே திரும்பினேன். ஐந்தாம் மாதம் அழைத்து வரப் போனேன். தலை நின்ற குழந்தையைத்தான் என் கையில் கொடுத்தார்கள். குழந்தைகள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இது என் தனிப்பட்ட பாவமன்னிப்பு அல்ல. வழக்கம் பெண்ணுக்குத் தந்த பாதுகாப்பு ஆணுக்கு அறியாமையைத் தந்தது. நாம் அந்த அறியாமையைச் சுதந்திரம் என்று எடுத்துக்கொண்டோம். சிறு பத்திரிகைகளில் நாம் எழுதிய 'மனித நிலை' பற்றிய கட்டுரைகளில் மரணம் நிறைய இருக்கிறது, தனிமை நிறைய இருக்கிறது. பிறந்து பத்து நாள் ஆன ஒரு வீடு அனேகமாக இல்லை. தெரியாததை எழுதவில்லை என்று சமாதானம் சொல்லலாம். தெரியாமல் போனது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தகப்பனுக்கும் அந்த வாரங்களில் பயமும் குழப்பமும் உண்டு, அவனுக்கும் ஒருவர் துணை வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதைக் கேட்கும் யோக்கியதை அவன் அறைக்குள் இருந்தால்தான் வரும்.

பத்தாம் நாளிலிருந்து அந்த அம்மாளை எட்டரைக்கு வந்தால் போதும், சம்பளம் அதேதான் என்று சொன்னேன். அவருடைய இரண்டு மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் பத்தியக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டது பெரிய விஷயமில்லை. அவர் மகளின் இரவுகள் அதனால் மாறிவிடவும் இல்லை. காலையில் ஒரு குளியலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க நேரம் கிடைத்தது என்று பிறகு சொன்னார். அவ்வளவுதான் அது.

நான் செய்த பிழைகளில் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். முதல் சில நாட்கள், 'நான் என்னம்மா செய்யணும்?' என்று மகளிடம் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பணிவு என்று எண்ணியிருந்தேன். ஒரு மத்தியானம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே, 'அதையும் நானே யோசிச்சுச் சொல்லணுமாப்பா?' என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கொல்லையில் கொடி நிறையத் துணி கிடந்தது. வானம் மேற்கே கறுத்திருந்தது. போய் எடுத்தேன்.